கல்யாணக் குதிரையின் தலைப்படம்

திருப்பதியில் ஒரு கால்நடை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. நாயும் மாடும்தான் அதிகம் வரும். குதிரை எப்போதாவது வந்தால், அது ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமக்கிற குதிரையாகத்தான் இருக்கும்.

அந்த வெள்ளைக் குதிரை குடுபல்லிப் பக்கத்திலிருந்து மினி லாரியில் வந்தது. வலது மூக்கில் மட்டும் சீழ். டாக்டரம்மா குனிந்து முகர்ந்தார். அத்தர் வாசனை.

"நாத்தம் வந்துக்கினே இருந்திச்சிம்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூஞ்சிய சுளிக்கிறாங்க. அதான் பஞ்சுல நனைச்சி மூக்குல வச்சேன்," என்றார் குதிரைக்காரர்.

ஊரில் சளி என்று மாதக்கணக்கில் ஊசி போட்டிருக்கிறார்கள். அத்தருக்குப் பின்னால் இருந்த அழுகல் நாற்றம் ஊசி போட்டவர்கள் யார் மூக்குக்கும் எட்டவில்லை. டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஈய அங்கியை மாட்டிக்கொண்டு நாளைத் தள்ளுகிறவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

குதிரையை நிற்கவைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே தேங்கிய சீழின் மட்டம் தெரியும். பட்டாசுக்கும் பேண்டுக்கும் பழகிய பிராணி, லேசான மயக்க ஊசியிலேயே அசையாமல் நின்றது. படத்தில், காற்று நிரம்பிக் கறுப்பாக இருக்க வேண்டிய கன்னத்து அறையில், பாதி டம்ளர் பால் மாதிரி வெள்ளை. அதில் மூழ்கி, அரித்துப்போன ஒரு கடைவாய்ப்பல்லின் வேர்.

"பிழைச்சுக்கும். கண்ணுக்குக் கீழே எலும்பைத் திறந்து பல்லை எடுக்கணும். முகத்துல குழி விழும்," என்றார் டாக்டரம்மா.

"மூளிக் குதிரைய எவன்மா கல்யாணத்துக்குக் கூப்புடுவான்? இந்த முகூர்த்த சீசன் முடியட்டும். இட்டுக்கினு வரேன்."

அவர் சொன்னதும் பொய்யில்லை. முகத்தில் தழும்புள்ள குதிரையை அபசகுனம் என்று திருப்பி அனுப்புவார்கள். டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். லாரி கிளம்பிவிட்டது. நான் அடுத்த நாயை உள்ளே கூப்பிட்டேன்.

முகூர்த்த சீசன் முடிந்து குதிரைக்காரர் வந்தபோது கூட வந்தது வேறு குதிரை. இதுவும் வெள்ளைதான், இளசு. பழையது தீனி எடுக்காமல் இளைத்துச் செத்துப்போயிற்றாம்.

"இதுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல சார். நல்லா துன்னுது. இருந்தாலும் தலைய ஒரு படம் எடுத்துடுங்க."

தேவையில்லை என்றார் டாக்டரம்மா. குதிரைக்காரர் நகரவில்லை. கடைசியில் டாக்டரம்மாவே எடுக்கச் சொல்லிவிட்டார். கன்னத்து அறை முழுக்கக் கறுப்பு.

"இந்தக் கறுப்பு என்னா சார்?"

"காத்து. இப்படித்தான் இருக்கணும்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே அந்தப் பல்ல எடுத்திருந்தா, அதுக்கும் இப்படி ஆகியிருக்குமா?"

"ஆகியிருக்கும்," என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் தலையாட்டினார். பிறகு குதிரையைத் திருப்பி நிறுத்தி, அந்தப் பக்கமும் ஒன்று எடுக்கச் சொன்னார்.