பெண் பார்க்க வந்தவர்களுக்கு ஜப்பான் தேயிலை

எட்டு வயதில் எனக்குக் கைவந்த ஒரே வித்தை, ஜப்பான்காரர்கள் மாதிரி தேயிலை கலக்குவது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணமே நின்றுபோனது.

பினாங்கில் ஒரு ஜப்பான்காரரின் துணிக்கடையில் வேலை பார்த்த தாய்மாமா, அனுமந்தன்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வந்த மறுநாளே அம்மா, சித்தி, அத்தை, நான் என்று எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து ஒரு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே பச்சைப் பொடி. மருதாணியாக்கும் என்று சித்தி உள்ளங்கையை நீட்டினாள். மாமா அவளை முறைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். தண்ணீரைக் கொதித்த சூட்டோடு ஊற்றக்கூடாது, கொஞ்சம் ஆறவிட வேண்டும். மூங்கிலைக் கீறிச் செய்த குட்டி மத்தால் நுரை வரும்வரை அடிக்க வேண்டும். கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, தலைகுனிந்து கொடுக்க வேண்டும். பாலையும் சீனியையும் கண்ணில்கூடக் காட்டக்கூடாது.

அம்மா மோர் கடைகிற மாதிரி மத்தை உருட்டிச் சேலையெல்லாம் பச்சையாக்கிக்கொண்டாள். சித்தி ஒரு வாய் குடித்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். எனக்கு மட்டும் முதல் தடவையே நுரை பூத்துவந்தது. "பாத்துக்கங்க, இந்த வீட்டுல இவதான் ஆளு" என்றார் மாமா. அதற்குப் பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அந்த வாரமே அத்தையைப் பெண் பார்க்கக் காமயகவுண்டன்பட்டியிலிருந்து வந்தார்கள். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை, பத்தொன்பது வயது. மாப்பிள்ளைக்கு வயலும் தென்னந்தோப்பும் இருந்தன. செத்துப்போன முதல் தாரத்தின் பிள்ளைகளும் மூன்று இருந்தார்கள். மூத்தவனுக்கு அத்தை வயது. தோப்பைப் பற்றியே வீட்டில் ஓயாமல் பேசினார்கள். அத்தையிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மாமா அன்றைக்குக் கம்பத்துக்குப் போயிருந்தார். மற்ற பெரியவர்கள் முன்கட்டில் வந்தவர்களை உபசரித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் அலங்காரத்தோடு நின்ற அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"காப்பி வேணாம்டி. மாமா சொல்லிக் குடுத்தாகல்ல, அதக் கலக்கி நீயே கொண்டுபோய்க் குடு. பால் மட்டும் ஊத்திறாத."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளையில் ஆரம்பித்து ஒவ்வொருவருக்கும் தலைகுனிந்து கொடுத்தேன். மெச்சப்போகிறார்கள் என்று காத்து நின்றேன்.

மாப்பிள்ளையின் அக்கா ஒரு வாய் குடித்தார். "இதுல பால் இல்லையா?" என்றார்.

"பாலே ஊத்தக்கூடாது" என்றேன் பெருமையாக.

அவர் முகம் செத்துப்போனது. "நல்ல காரியத்துக்கு வந்தவுகளுக்கு எழவு வீட்டுத் தண்ணியவா குடுக்குறீக? ஏற்கெனவே ஒருத்தியத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கிறோம். எந்திரிடா தம்பி!"

எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் பால் காய்ச்சமாட்டார்கள். துக்கம் கேட்க வருகிறவர்களுக்குப் பாலில்லாத கடுங்காப்பிதான். சின்னப் பிள்ளைகளை அங்கே விடுவதில்லை, அதனால் எனக்கு அது தெரியாது. கும்பிட்ட கையோடு அப்பா தெருமுனைவரை அவர்கள் பின்னால் ஓடினார்.

அம்மா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். "யாருடி ஒன்ன இந்த வேல பாக்கச் சொன்னது?"

அத்தையைப் பார்த்தேன். அவள் சொல்லிவிடுவாள் என்று நம்பினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அறை விழுந்ததைவிட அதில்தான் நான் ஆடிப்போனேன். வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது அறையும் விழுந்தது.

எல்லோரும் போனபிறகு அத்தை என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வீங்கிய கன்னத்தில் முத்தமிட்டாள். "ஆத்தா, எந்தங்கம்" என்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கல்யாணம் போன துக்கம் என்று நினைத்து நானும் ஓவென்று அழுதேன். முந்தானையை விலக்கிப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் நின்றுபோன பெண்ணுக்குச் சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது? அடிபட்டதற்குக்கூட எனக்கு அத்தனை கோபம் வரவில்லை. பத்து நாள் நான் அவளோடு பேசவே இல்லை.