பாரம் கூடினால் சுற்றாதீர்கள்

மலிவான தூண்டில் றீலை விற்பவனுக்கு அது விற்காவிட்டால் ஒரு பயம். விற்றுவிட்டால் நூறு பயம். தான் செய்யாத பொருளுக்குத் தான் பதில் சொல்லி நின்ற எவருக்கும் இது விளங்கும். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அரசாங்க நியமனக் கடிதம் வரும்வரை மன்னார் பட்டினத்தில் ஒரு தூண்டில் சாமான் கடையில் வேலைக்கு நிற்கிறேன்.

காதில் வைத்துப் பார்த்தவர்

முதல் கிழமையே தலைமன்னாரிலிருந்து ஒருவர் வந்தார். விலை குறைந்ததாக, கை நோகாததாக ஒரு றீல் வேண்டுமென்றார். இருந்ததில் சிறியதை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தார். பிறகு காதருகே பிடித்துச் சுற்றிச் சத்தம் கேட்டார். பரீட்சை மண்டபத்தில் இருப்பவன்போல எனக்கு வேர்த்தது. "பாரமில்லாமல்தானே கேட்டீங்கள், ஐயா?" என்றேன்.

"பாரமில்லாமல்தான் கேட்டனான் தம்பி. காத்துக்குப் பறக்கிற மாதிரிக் கேக்கேல்லையே!"

குறை சொல்லி விற்றது

அதன்பின் ஒவ்வொரு வகையிலும் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். தெரியாததை விற்க மனம் வரவில்லை. அடுத்து வந்த வாத்தியார் ஒருவரிடம், உடல் பிளாஸ்டிக், உள்ளே சில்லின் பல் மெல்லியது, உப்புத் தண்ணீர் பட்டால் இறுகும் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் நன்றி சொல்லி, வாசலில் படுத்திருந்த கழுதையைச் சுற்றிக்கொண்டு வெறுங்கையோடு போய்விட்டார். முதலாளி கதிரையிலிருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீர் றீல் விக்கிறீரோ, சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்யிறீரோ?"

சூசை அண்ணையின் கை

வங்காலைச் சூசை அண்ணை மனைவியோடு வந்தார். ஆயுள் முழுக்க றீலில்லாமல், நூலைக் கையாலேயே இழுத்துக் கைத்தூண்டில் போட்டவர். பெரிய மீன் ஒன்று இழுத்ததில் தங்கூசி என்ற நைலோன் நூல் வலது உள்ளங்கையை ஆழமாக அறுத்து, தையல் போட்டிருந்தார்கள். இன்னொருமுறை நூலைக் கையால் இழுத்தால் விரல்கள் மடங்காமல் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். இடக்கையால் சுற்றக்கூடிய, பாரமில்லாத, கட்டுப்படியான றீல் வேண்டும். மலிவானவற்றில் உறுதியான ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தேன்.

பயத்தில் வாய் ஓயவில்லை. மண்ணில் வைக்காதீர்கள், நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பாரம் கூடினால் சுற்றாதீர்கள், பல் தேயும் என்றெல்லாம் சொன்னேன். அண்ணை ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். அவருடைய மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இது உடைஞ்சால் இந்த மனுசன் திரும்பவும் கையாலதான் இழுக்கும். உங்களை நம்பித்தான் கொண்டு போறம்."

வங்காலை பஸ்

அன்றிலிருந்து வங்காலை பஸ் வந்தால் இறங்குகிறவர்களின் கைகளைத்தான் பார்ப்பேன். அதே வகை றீலில் ஒரு வாளி மண்ணைக் கட்டித் தூக்கிப் பார்த்தேன், தாங்கியது. பயம் போகவில்லை. வாளி துள்ளாது, மீன் துள்ளுமே.

மூன்றாம் கிழமை இருவரும் வந்தார்கள். அண்ணையின் கையில் புதிய துணிக்கட்டு. அதில் இரத்தம் ஊறியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தார்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு, "றீல் உடைஞ்சிட்டுதோ?" என்று கேட்டேன்.

"சீச்சீ, றீலுக்கு ஒண்டுமில்லை" என்று அண்ணை பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அது புதிதுபோல மினுங்கியது. "பெரிய பாரை மீன் ஒண்டு பிடிச்சிது. பாரம் கூடினால் சுத்தாதேங்கோ எண்டு நீங்கள் சொன்னனீங்களெல்லே? அதுதான் றீலைப் பக்கத்தில நிண்ட மனிசியிட்டைக் குடுத்திட்டுக் கையால இழுத்தனான்."

றீலின் முன் திருகாணியைத் தளர்த்திவிடுங்கள், மீன் நூலை இழுத்துக் களைக்கும், பிறகு மெல்லச் சுற்றுங்கள் என்பதுதான் அந்த அறிவுரையின் மிச்சம். அதை நான் சொல்லவேயில்லை. கைத்தூண்டில்காரர் சுற்றாவிட்டால் வேறென்ன செய்வார்? "விரல்?" என்றேன். அண்ணை மெதுவாக மடக்கிக் காட்டினார். மூன்று மடங்கின. நாலாவது பாதி வந்து நின்றது. தையல் ஆறினால்தான் தெரியும் என்று டொக்டர் சொன்னாராம். அவருடைய மனைவி றீலை வாங்கித் துணியால் துடைத்தார்.

"றீலுக்குச் சொன்ன பத்தியத்தைக் கைக்கும் சொல்லியிருக்கலாமே, தம்பி."

இப்போதெல்லாம் குறைகளைச் சொல்லி முடித்ததும், "றீல் உடைந்தால் உடையட்டும், கையை மட்டும் முழுதாகக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லித்தான் றீலைக் கொடுக்கிறேன்.