துரை விட்டுப்போன இரட்டை யானை

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் தீக்குச்சியைக்கூட இரண்டாகப் பிளந்துதான் உரசுவோம். அந்தப் பஞ்சத்திலும், ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலிருந்து நான் ஆசையாகச் சேர்த்தவை இரட்டைப் படங்கள். ஒரே அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே யானை இரண்டு முறை இருக்கும். அதற்கென்று உள்ள கண்ணாடி வழியாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகி, யானை நிஜம்போல மூக்கை முட்ட வரும்.

ஒருநாள் பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஒற்றைப் படம். தோட்டமே கேட்கக் கத்தினேன்.

"ஒரே படம் ரெண்டு நமக்கு எதுக்குங்க? வெட்டி ஆளுக்கொன்னுன்னு பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுத்துட்டேன்" என்றாள் மனைவி.

திருப்பி வாங்க ஓடினேன். அக்கா அவளைவிடத் தாராளம். யானைத் தலையைத் தன் சுவரில் ஒட்டிவிட்டு, வாலைத் திகாம் பத்து என்ற ஊரிலிருக்கும் தங்கைக்கு அனுப்பியிருந்தார்.