சடக்கு வேலையும் ஊறவைத்த உளுந்தும்

மத்தியானம் மூன்றேகால் மணிக்குச் சடக்கு உருளை நின்றது. காஜா பேராங்கில் எங்கள் தோசை ஒட்டுக்கடைக்கு எதிரே, சாலையை, எங்கள் பேச்சில் சடக்கை, அகலப்படுத்துவதற்காக மாதக்கணக்கில் கடகடத்துக்கொண்டிருந்த இயந்திரம் அது. மறுநாள் பசியாற வரும் வேலையாட்களுக்காக நான் உளுந்தை ஊறப்போட்டிருந்தேன்.

வேலையாட்களின் மேஸ்திரியான மண்டோர் மண்வெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அரசாங்கம் ஒதுக்குன காசு முடிஞ்சிருச்சுண்ணே. மேல உத்தரவு போட்டாத்தான் மறுபடி வேலை."

"எப்ப போடுவாங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் லா மண்டோரா இருக்கேன்?"

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களே ஆகியிருந்தன. அரசாங்கம் சடக்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இப்படிப் பணத்தைக் கொட்டினால் நாடு தாங்குமா என்று பத்திரிகையை விரித்துவைத்துப் பேசுகிறவன் நான். அந்தச் செலவில்தான் என் அடுப்பும் எரிந்தது என்பது வேலை நின்ற பிறகே உறைத்தது. வேலையாட்கள் வராததால் நான் தேங்காய் வாங்கவில்லை. தேங்காய் விற்காததால் பின்வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், துணி எடுக்கவில்லை. தெங்கேராவிலிருந்து துணிமூட்டையோடு சைக்கிளில் வருகிறவர் எங்கள் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

மக்சிக் வேலியோரம் நின்று மலாயில் கேட்பார்: "இன்னைக்கும் வேணாமா? காய்க்காதேன்னு மரத்துக்கிட்ட நீயே வந்து சொல்லு."

இருந்தாலும் தினமும் கொஞ்சம் உளுந்து ஊறவைத்தேன்.

"யாரு வந்து திங்கப்போறாங்க?" என்பாள் மனைவி.

"வந்துட்டா?"

மகள் அப்போது ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்புக்கு முந்தைய வகுப்பில் இருந்தாள். ஒரு மாலை, கேட்காமலே தையற்கடையில் வேலை பேசிவிட்டு வந்தாள். "கடை சரியாவட்டும்ப்பா. அப்புறம் படிக்கிறேன்." வேண்டாம் என்றுதான் சொன்னேன். குரலில் பலம் இல்லை. அவள் அதைக் கவனித்துவிட்டாள். இன்றும் தெருவில் ஏதாவது இயந்திரம் சட்டென்று நின்றால் வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கிறேன்.

அவள் தையற்கடைக்குக் கிளம்பவேண்டிய காலையும் வந்தது. வீட்டுப் பாவாடையோடு வாசலில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் லாரி வந்து நின்றது. பின்னால் முன்பைவிட அதிகம் ஆட்கள். அவர்களுக்குப் பின்னே உருளை மெதுவாக வந்துகொண்டிருந்தது.

மண்டோர் இறங்கி நேராகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உத்தரவு வந்திருச்சுண்ணே. இத முடிச்சிட்டுப் புக்கிட் ரம்பாய்ப் பக்கமும் சடக்கு போடப்போறோம். எல்லாருக்கும் தோசை ஊத்துங்க." பிறகு வாசலைப் பார்த்தார். "என்ன பாப்பா, இன்னும் யூனிபார்ம் போடல? பஸ் வந்துரும், போ."