எடைமேடையில் ஓடிய இரண்டு ஷெல்கள்

“…எய்ந்து இன்னா பிரயோஜனம் நைனா? மாப்ள சீக்கிரமா வந்துட்டான், தாலிய ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டான்!” என்றார் லாரிகளை எடைபோட்டுச் சீட்டுக் கொடுக்கும் எடைமேடை அக்கா. அவர் கை மெயின் சுவிட்சின் மேல் இருந்தது. வெளியே இரும்பு ஏற்றிய லாரிகள் ஹாரனை விடவேயில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் அப்போது கணினிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். படித்துக் கற்றதல்ல, கழற்றி மாட்டிக் கற்றது. யுபிஎஸ் பேட்டரி செத்து வெகுநாள். மின்சாரம் போய் வந்தால் எடைமேடையின் லினக்ஸ் கணினி எழுவதற்குள் லாரி வரிசை சாலையைத் தொடும். “யக்கா, உன் பொட்டி எய்றதுக்குள்ள எம்புள்ள லைசென்ஸ் எடுத்துருவான்” என்பார் ஓட்டுநர். “எடுக்கட்டும், அவனாச்சும் ஹாரன் அடிக்காம ஓட்டட்டும்” என்பார் அக்கா. சிரிப்புக்குள் பயம் இருந்தது. இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் வெளி நிறுவனம் தன் கணினியோடு தன் ஆளையும் அக்காவின் இடத்தில் உட்காரவைக்கும் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

கணினி எழும்போது சின்னச் சின்னக் கட்டளைக் கோப்புகள் வரிசையாக ஓடும். அவற்றை வாசித்து வேலை வாங்குகிற நிரல்தான் ஷெல். எங்களிடம் இருந்தது பாஷ். எல்லா வித்தையும் தெரிந்தது, அதனாலேயே கனம். டாஷ் என்று இன்னொன்று. வித்தை குறைவு, ஓட்டம் அதிகம். ஒரே கோப்பை இரண்டிலும் மாறி மாறி ஓடவிட்டேன். அக்கா பந்தயம் பார்ப்பதுபோல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டாஷே முந்திக்கொண்டிருந்தது. “லோடு இல்லாத வண்டி, போவாதா பின்ன?” என்றார். சிரித்துவிட்டு எல்லாவற்றையும் டாஷுக்கு மாற்றினேன்.

மறுநாள் மின்சாரம் போய் வந்தது. கணினி துள்ளி எழுந்தது. லாரி மேடையேறியது, எடை திரையில் தெரிந்தது, பிரிண்டரிலிருந்து எடைச் சீட்டு மட்டும் வரவில்லை. பிரிண்டரைத் தயார்செய்யும் கோப்பை முன்பு பாஷுக்கே உரிய வித்தையில் எழுதியிருந்தேன். டாஷுக்கு அது புரியவில்லை. அந்தக் கோப்பு மட்டும் பாஷில் ஓடும்படி, எந்த ஷெல் என்று சொல்லும் அதன் முதல் வரியை மாற்றினேன். “வேகமாத்தானே எழுந்துச்சு? இனிமே சீட்டும் வந்துரும்க்கா” என்றேன். அதற்குத்தான் அந்தத் தாலிப் பேச்சு.

இன்றும் யாராவது கணினியின் வேகத்தைப் புகழ்ந்தால் என் காது சீட்டு கிழிபடும் சத்தத்தைத் தேடுகிறது.

அன்று அக்கா சோதித்துப் பார்க்கச் சுவிட்சை அணைக்கப் போனபோது, “வேணாம்க்கா, மேலாளர் வர்றாரு” என்றேன்.

“வரட்டும், பாத்துக்கினு நிக்கட்டும்” என்றவர் சுவிட்சை அணைத்தார். திரை இருண்டது. மறுபடி போட்டார். வரிசை அசைவதற்குள் கணினி எழுந்தது, பிரிண்டர் கரகரத்தது. அக்கா சீட்டைக் கிழித்தார். ஜன்னலில் நீண்ட ஓட்டுநரின் கையை விட்டுவிட்டு, வந்து நின்ற மேலாளர் கையில் வைத்தார்.