பெயிண்ட் ஷாப் பால்

"ரெண்டு நாளைக்கு ரொட்டியும் பாலும் மட்டும் சாப்பிடுங்க" என்று எனக்குச் சொல்லாத டாக்டர், திருமுல்லைவாயிலில் இருந்து ஆவடி வரைக்கும் ஒருவர்கூட இல்லை. எங்கள் பக்கத்தில் வயிறு சரியில்லை என்றாலும் ரொட்டி பால்தான், காய்ச்சல் என்றாலும் ரொட்டி பால்தான். கால் ஒடிந்து படுத்திருப்பவனைப் பார்க்க வருகிறவர்கூடக் கக்கத்தில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடுதான் வருவார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வயிறு கடமுடா. மாத்திரை தின்று, சொன்னபடி ரொட்டியைப் பாலில் தொட்டுத் தின்று, முன்னைவிட மோசமாகி, மறுபடி அதே டாக்டரிடம் போவேன். "சொன்னதைச் சாப்பிட்டியா?" என்பார். சாப்பிட்டேன் என்பேன். "இன்னும் ரெண்டு நாள் சாப்பிடு" என்பார். என் வயிற்றைக் கெடுத்ததே அந்த இரண்டும்தான் என்பது தெரியவர எனக்கு இருபத்து மூன்று வயது ஆனது. அதைக் கண்டுபிடித்தவரும் டாக்டர் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு பீரோ செய்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். பெயிண்ட் ஷாப். மூன்று பக்கமும் அடைத்த பூத்துக்குள் நின்று, ஸ்ப்ரே கன்னைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க பீரோக்களுக்குச் சாம்பல் நிறம் அடிக்க வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு அது பெரிய வேலை. ஆனால் டெம்பரரி. வருஷத்துக்கு இரண்டு முறை நோட்டீஸ் போர்டில் ஒரு லிஸ்ட் ஒட்டுவார்கள். அதில் பெயர் வந்தால் பர்மனென்ட். வராவிட்டால் இன்னும் ஆறு மாதம் சாம்பல் நிறம். இரண்டு முறை வராவிட்டால், அவனாகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறு கேட்டைப் பார்க்கப் போய்விட வேண்டும் என்பது அங்கே எழுதாத வழக்கம். அப்பா இறந்து வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்த நேரம். அந்த லிஸ்டில் என் பெயரைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததாக ஞாபகம் இல்லை.

சேர்ந்த முதல் நாள் பத்து மணிக்கு ஒரு பெரிய டம்ளர் நிறையப் பால் கொடுத்தார்கள். பெயிண்ட் புகை நெஞ்சுக்குள் போகும், பால் குடித்தால் அது முறிந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். யூனியன் கேட்டில் உட்கார்ந்து போராடி வாங்கிய பால் அது. ஆரம்பத்தில் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போனார்களாம். அதனால் கம்பெனி ஒரு சட்டம் போட்டது: சூப்பர்வைசர் கண்ணெதிரே குடித்து முடித்து, காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். பாலோடு ஒரு பன்னும் உண்டு.

இன்னொரு சட்டமும் இருந்தது. கக்கூசுக்குப் போக வேண்டும் என்றால் டோக்கன் எடுத்துக்கொண்டு போக வேண்டும். சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் இரண்டு பித்தளைத் தகடுகள் தொங்கும். பன்னிரண்டு பேருக்கு இரண்டு. ஒன்றை எடுத்து, போய், வந்து, திருப்பி மாட்ட வேண்டும். இரண்டும் ஆணியில் இல்லை என்றால், உனக்கு எவ்வளவு அவசரம் என்றாலும் அது உன் தலையெழுத்து.

ஆக, கம்பெனி ஒரு கையால் எனக்குப் பாலும் பன்னும் கொடுத்தது, இன்னொரு கையால் டோக்கனை ஆணியில் மாட்டி வைத்தது. பத்து மணிக்குப் பால். பத்தே முக்காலுக்கு நான் முதல் டோக்கன். பதினொன்றேகாலுக்கு மறுபடி. சில நாள் மேஜையைக் கடக்கும்போது சூப்பர்வைசரைப் பார்க்க வெட்கமாகி, அவருக்குப் பின்னால் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே போவேன். எனக்கு இயல்பாகவே வாய் திறக்காது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் "இறங்கணும்" என்று சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவன் நான். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று எங்கே போய்ச் சொல்ல? அப்போது அது எனக்கே தெரியாது என்பது வேறு விஷயம்.

எங்கள் ஷாப்பில் யூனியன் ஆள் ஒருவர் இருந்தார். கரையான்சாவடிக்காரர். நல்ல உடம்பு. எல்லோரும் அவரை அண்ணாத்தே என்போம். ஒரு நாள் நான் நான்காவது முறை டோக்கனை மாட்டியபோது ஸ்ப்ரே கன்னை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இன்னா மாமே, வேல செய்ய வந்தியா, கக்கூசுக்குக் காவல் இருக்க வந்தியா?"

"வயிறு சரியில்லண்ணா."

"என்னிக்கித்தான் சரியா கீது உனுக்கு? தோ பாரு, இது வயிறு இல்ல. பெயிண்டு. உள்ள போயி குந்திக்கிச்சு." திரும்பிச் சூப்பர்வைசரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "சார், புள்ளைக்குப் பெயிண்டு பாதிச்சிக்கீது. நாளையிலேர்ந்து அவனுக்கு ரெண்டு டம்ளரு ஊத்தச் சொல்லு. இல்லாங்காட்டி கேட்ல குந்திடுவோம்."

கேட்டில் உட்காருவது என்றால் அவர்களுக்கு அவ்வளவு பிடிக்கும். சூப்பர்வைசருக்கு அது பிடிக்காது. மறுநாளில் இருந்து எனக்கு இரண்டு டம்ளர். அண்ணாத்தே எனக்காகப் போராடி வாங்கிக் கொடுத்தது. அவர் என் தோளில் தட்டிக்கொண்டு நிற்க, இரண்டையும் குடித்துக் கவிழ்த்துக் காட்டினேன். அந்த வாரத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒரு வரி மட்டும்: இரண்டு டோக்கனும் எனக்கே போதவில்லை.

வாரக் கடைசியில் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, லிஸ்டுக்குப் பேர் எழுதற நேரம். நீ பூத்துல இருக்கற நேரத்தை விட அங்க இருக்கற நேரம் ஜாஸ்தி. நான் என்னன்னு எழுதட்டும்?"

நான் காலண்டரைப் பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை எனக்கு அம்மை போட்டது. என் வாழ்க்கையில் நடந்த மிக நல்ல விஷயங்களில் அதுவும் ஒன்று.

அம்மை என்றால் எங்கள் வீட்டில் டாக்டர் கிடையாது. மாத்திரை கிடையாது. முக்கியமாக, ரொட்டி பால் கிடையாது. வாசலில் வேப்பிலை சொருகிவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கூடப் பாக்கெட்டோடு வர மாட்டார். அம்மா கேழ்வரகுக் கூழ், நீராகாரம், இளநீர், உப்புப் போட்ட கஞ்சி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தாள். மூன்றாம் தண்ணி ஊற்றும்வரை கம்பெனிக்குள் கால் வைக்க முடியாது. பாயில் கிடந்து முகமெல்லாம் கொப்புளத்தோடு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் காலையில் எனக்குத் திடீரென்று உறைத்தது. ஐந்து நாளாக வயிறு ஒரு சத்தமும் போடவில்லை. இருபத்து மூன்று வருஷத்தில் முதல் முறையாக என் வயிறு மற்றவர்கள் வயிறு மாதிரி சும்மா இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "ஆத்தா எறங்கியிருக்கா இல்ல, அவ பாத்துக்குவா" என்றாள். சரிதான். இத்தனை டாக்டர்கள் பார்த்தும் பிடிபடாத நோயை மாரியம்மன் வந்து ஒரே வாரத்தில் பிடித்துவிட்டாள். பீஸும் வாங்கவில்லை.

வேலைக்குத் திரும்பும் முன்பு வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். ஒரு நாள் வெறும் பால். மதியத்துக்குள் பதில் வந்தது. இரண்டு நாள் விட்டு இரண்டு சப்பாத்தி. அதற்குப் பதில் வரக் கொஞ்சம் தாமதமானது, ஆனால் வந்தபோது பாலைவிட விவரமாக வந்தது. மறுபடி கூழ். அமைதி. இதற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கிறது என்றோ, கோதுமைக்குள் குளூட்டன் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்றோ, அது இல்லாத மாவை ஒரு நாள் கண்ணாடிக் கடைகளில் அழகான டப்பாவில் விற்பார்கள் என்றோ அப்போது எனக்குத் தெரியாது. பன் ஆகாது, பால் ஆகாது. அவ்வளவுதான் தெரியும்.

அம்மாதான் அழுதாள். "பால் குடிக்காத புள்ளைக்கு எவ வந்து கழுத்த நீட்டுவா?" பொண்ணு பார்க்கப் போன இடத்தில் காப்பியைத் திருப்பிக் கொடுத்தால் பொண்ணையே வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடுமே என்பது அவள் கவலை.

கம்பெனியில் அண்ணாத்தேயிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இத்த வேற எவன்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லண்ணா."

"சொல்லாத. பெயிண்டு ஷாப்புல ஒருத்தன் பாலு வேணாம்னான்னு தெரிஞ்சா, மேல கீறவன் அத்தையே புடிச்சிகினு பன்னண்டு பேருக்கும் நிறுத்திடுவான். ஆறு மாசம் வெயில்ல குந்தி வாங்கினது நைனா அது."

"நான் என்னண்ணா பண்றது?"

பீரோக்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நீ டம்ளர வாங்கு. நான் குடிக்கிறேன்."

அன்றிலிருந்து பத்து மணிக்கு நாங்கள் இருவரும் பீரோக்களுக்குப் பின்னால் நின்று டம்ளர் மாற்றினோம். என் இரண்டு டம்ளரையும் சேர்த்து அவர் தினமும் மூன்று டம்ளர் குடித்தார். பன்னையும் விடவில்லை. நான் வீட்டிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போன பொரியைத் தின்பேன். "இன்னா மாமே, விரதமா?" என்று மற்றவர்கள் கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டுவேன். மூன்று வாரம் நான் டோக்கனைத் தொடவில்லை. அண்ணாத்தேக்கு நன்றாகச் சதை போட்டது.

ஒரு நாள் சூப்பர்வைசர் பீரோவைச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வந்துவிட்டார். அண்ணாத்தே வாயில் என் டம்ளர். மேல் உதட்டில் வெள்ளை மீசை.

மத்தியானம் மேனேஜர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேர்த்தது.

"பால் உனக்கு வேண்டாமாமே?"

அங்கே காலண்டர் இல்லை. ஏசியைப் பார்த்தேன்.

"பயப்படாதே. வேண்டாம்னா வேண்டாம். பெயிண்ட் ஷாப்புல பால் தேவையில்லைன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. லிஸ்ட் இந்த வாரம் டைப் அடிக்கறாங்க." ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. இரண்டு வரி எழுதினால் பர்மனென்ட். அம்மா கோயிலில் தேங்காய் உடைப்பாள். வெளியே பதினொரு பேர் பால் இல்லாமல் புகை குடிப்பார்கள், என் முகத்தில் முழிக்க மாட்டார்கள். பேனாவை எடுத்தேன். வாய்தான் எனக்கு வராது, எழுத வரும். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதிப் பழகிய கை மெதுவாக எழுதியது:

"ஐயா, பால் குடித்தால் எனக்கு வயிற்றுப்போக்கு ஆகிறது. இது என் வயிற்றின் குறை. பெயிண்ட் ஷாப்பில் உள்ள மற்ற பதினொரு பேருக்கும் பால் அவசியம் தேவை. என் பாலையும் அவர்களுக்கே கொடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "நான் கேட்டது இதுவா?" என்றார். நான் நின்றேன். "போ" என்றார். போனேன்.

அந்த வாரம் ஒட்டிய லிஸ்டில் என் பெயர் இல்லை. இல்லாமல் போகும் என்று தெரிந்துதான் போய்ப் பார்த்தேன், ஆனாலும் மேலிருந்து கீழே மூன்று முறை படித்தேன். அண்ணாத்தே எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

ஆனால் பால் நிற்கவில்லை. என் இரண்டு டம்ளரும் வந்துகொண்டிருந்தன. பத்து மணிக்கு அண்ணாத்தே பீரோவுக்குப் பின்னால் போகாமல் நடுக்கூடத்திலேயே நின்று மூன்று டம்ளர்களையும் குடிப்பார். சூப்பர்வைசர் அந்த நேரம் பார்த்துத் தன் பேனாவில் மை இருக்கிறதா என்று ஆராய்வார். நான் ஆறு மாதம் சாம்பல் நிறம் அடித்தேன். வயிறு எப்போதாவது முனகும். அம்மா போடுகிற கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலக்கிறார்கள் என்று தெரிந்து அதை நிறுத்தியது பல வருஷம் கழித்து.

அடுத்த லிஸ்ட் ஒட்டுவதற்கு முன் மேனேஜர் ஷாப்புக்குள் வந்து சூப்பர்வைசரிடம் என்னைக் காட்டி, "இவன் எப்படி?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"இவனா சார்? காலையில பூத்துக்குள்ள போனா மணி அடிச்சாத்தான் வெளிய வரான். இந்த ஷாப்புலயே நகராத ஆள் இவன்தான்."

லிஸ்டில் ஏழாவது பெயர் என்னுடையது.

பர்மனென்ட் ஆனவன் ஷாப்புக்குப் பால்கோவா வாங்கித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு ஸ்வீட் கடையில் அரை மணி நேரம் நின்றேன். பால்கோவா, பாலில் செய்தது. அல்வா, கோதுமை. லட்டில் நெய். கடைக்காரர், "என்னதான்யா வேணும்?" என்று அதட்டினார். வெளியே வந்து பெட்டிக்கடையில் இரண்டு பாட்டில் கடலை உருண்டையை அப்படியே கொட்டி வாங்கினேன்.

"பர்மனென்ட்டுக்குக் கடலை உருண்டையா?" அண்ணாத்தே ஷாப்பே கேட்கும்படி கத்தினார். "அட கஞ்சப் பிசினாறி! உன் பாலக் குடிச்சி உடம்ப வளத்தவன்டா நானு, எனுக்குக்கூடவா?"

திட்டிக்கொண்டே நான்கு எடுத்துக்கொண்டார். ரிடயர் ஆகும்வரை என்னைக் கஞ்சன் என்றுதான் கூப்பிட்டார். நான் திருத்தவில்லை. எல்லோருக்கும் கொடுத்து முடித்து, அவர்களோடு தரையில் உட்கார்ந்து, நானும் இரண்டு தின்றேன்.