மதினியைப் பேசவிடாத இருபது நாட்கள்

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குத் தலைப்பிரசவம். வாக்கப்பட்ட ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றாலும், வழக்கப்படி பிரசவத்துக்கு ராஜபாளையத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கோ எல்லையில் இருந்தார். பிள்ளை பிறந்த செய்தி தந்தியாகப் போய் அவரிடமிருந்து கடிதம் வருவதற்குள் இங்கே என்னென்னவோ நடந்து முடிந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் ஒரு ஆள் விடாமல் சொல்வேன், என்னையும் சேர்த்து.

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு முதன்முதலாகப் பிள்ளையின் நாக்கில் வைப்பார்கள். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அதனால் யார் வைப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். என் பிள்ளைக்கு மாமியார் வைப்பதாகப் பேச்சு. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரமாகிவிட்டது. அம்மா வெந்நீர் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். பிள்ளை வீறிட்டு அழுததைத் தாங்க முடியாமல், பக்கத்தில் இருந்த என் அண்ணன் மனைவியை, அதாவது மதினியை, நான்தான் சேனை வைக்கச் சொன்னேன்.

மதினிக்குத் திக்குவாய். முதல் எழுத்திலேயே நின்று தவிப்பார். வன்னியம்பட்டியில் பிறந்தவர், தங்கமான மனுஷி. கல்யாணமாகி வந்து மூன்று வருடத்தில் எங்கள் வீட்டில் அவர் ஒரு வாக்கியத்தையாவது முழுசாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் ஆரம்பிப்பார், நாங்கள் முடித்துவைப்போம். அதை அவருக்குச் செய்யும் உதவி என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாளே தொல்லை ஆரம்பித்தது. பிள்ளை மார்பைப் பிடிப்பான், நாலு இழுப்பு இழுப்பான், டக் டக்கென்று ஒரு சத்தம் வரும், வாய் நழுவிவிடும். மறுபடி பிடிப்பான், மறுபடி நழுவும். ஒரு மணி நேரம் மடியில் கிடந்தும் வயிறு நிறையாமல் அழுவான். எனக்குக் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சலும் வந்தது. பார்க்க வந்தவர்களோ அத்தனை பேரும் எனக்குப் பால் இல்லை என்றார்கள். என் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

பூண்டு தின்னச் சொன்னார்கள், தின்றேன். பால்சுறா தின்னச் சொன்னார்கள், அதையும் தின்றேன். பிள்ளைக்கு உரம் விழுந்து கழுத்து சுளுக்கியிருக்கிறது என்று சேலையில் போட்டு உருட்டினார்கள். மாமியார் என் முகத்துக்கு நேரே, "இவ பாலு தண்ணிப் பாலு, பிள்ளைக்கு எப்படி ஒட்டும்?" என்றார்.

ஊரில் பெயரெடுத்த ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். நெஞ்சில் குழாயை வைத்தார், எடை பார்த்தார். பிறந்தபோது இருந்ததைவிடக் குறைந்திருந்தது. தாய்க்குப் பால் பத்தவில்லை என்று சொல்லி, ஒரு பால் பவுடர் பெயரை எழுதி நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார். பால் குடிக்க முடியவில்லை என்று வந்த பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அத்தனை படித்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. பாட்டிலையும் பிள்ளையால் சப்ப முடியவில்லை. என் பாலையே பீய்ச்சிச் சங்கில் ஊற்றினோம். பாதி கடைவாயில் வழிந்துவிடும். மீதியில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அழும்போது பிள்ளையின் நாக்கு மேலே எழும்பாமல், நுனி உள்வாங்கிக் கிடப்பதை முதலில் கவனித்தவர் மாமியார்தான். கவனித்தவர் மறுபடி டாக்டரிடம் போவோம் என்று சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, சேனை வைத்தது யார் என்று கேட்டார். மதினி என்று தெரிந்ததும் அவர்மேல் பாய்ந்தார்.

"ஏட்டி, நான் வார வரைக்கும் செத்த நேரம் பொறுக்க முடியலையா ஒனக்கு? திக்குவாக்காரி கையால சேனை வச்சா பிள்ளைக்கு நாக்கு எப்படி எந்திரிக்கும்?"

வைக்கச் சொன்னது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைவிடக் கேவலம், நானும் அதை நம்பினேன். அன்றிலிருந்து மதினி பிள்ளையைத் தொடக் கூடாது என்று ஆகிவிட்டது. அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். "நீ சும்மா கெட" என்று அண்ணன் அடக்கினார். இன்னொரு நாள் என் கட்டில் பக்கத்தில் வந்து நின்று, தன் வாயைத் தொட்டுக் காட்டி, "அ... அது..." என்று ஆரம்பித்தார். "நீங்க செஞ்சது போதும் மதினி" என்றேன். அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

இருபதாம் நாள் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. மாமியார் பிள்ளைக்காக, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றின் மேல் இருக்கும் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு, அம்மாவையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே மலைக்குப் போய்விட்டார். எனக்குத் தீட்டு கழியவில்லை. எனக்குச் சோறாக்கிப் போட மதினி மட்டும் வீட்டில். பிள்ளையைத் தொட்டுவிடாதே என்று அவரிடம் மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

பத்து மணி இருக்கும். பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். தொடையில் தோல் சுருங்கித் தொங்கியது. மதினி அடுப்படியிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விரலால் நாக்கைத் தூக்கினார். நான் கத்தினேன். அவர் கையைப் பிடித்து இழுத்தேன். விடவில்லை. பார் என்று கண்ணால் காட்டினார். நாக்குக்கு அடியில், நுனி வரைக்கும், வெள்ளையாக ஒரு சவ்வு நாக்கைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

பிறகு பேசினார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்கப் பேசினார். கத்திக் களைத்திருந்த நான் குறுக்கே பேசவில்லை.

"எ... என் தம்பிக்கும் இப்படித்தான் இருந்துச்சு. வில்லிபுத்தூர் டாக்டரம்மா வெ... வெட்டி விட்டாவ. அன்னைக்கே பால் குடிச்சான்."

இருபது நாளாக அவர் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

தீட்டாவது பத்தியமாவது என்று பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டோம். அந்த டாக்டரம்மா முதலில் செய்த காரியமே பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்ததுதான். என்னைப் பால் கொடுக்கச் சொல்லி, அவன் பிடித்து நழுவுவதையும் பக்கத்தில் இருந்து பார்த்தார். "இத இருபது நாளா யாருமே பாக்கலையாம்மா?" என்று கேட்டார். நாக்குச் சவ்வு இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் வெட்ட வேண்டியதில்லை, பால் குடிக்க முடியாமல் தவிக்கிற பிள்ளைக்கு வெட்டத்தான் வேண்டும் என்றார். வெட்டினால் ஊமையாகிவிடுவானோ என்று பயந்து கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்தார்.

எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. மதினிதான் பிள்ளையின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார். ஒரு வெட்டு, இரண்டு சொட்டு ரத்தம், கொஞ்சம் பஞ்சு. உடனே பால் கொடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. பிள்ளை பிடித்தான். டக் டக் சத்தம் இல்லை. மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் கேட்டது. அதை நான் அதுவரை கேட்டதே இல்லை. குடித்தபடியே தூங்கிப்போனான். நான் வெட்கம் பார்க்காமல் அழுதேன். என் புண் ஆற அப்புறமும் ஒரு வாரம் ஆனது, அது வேறு விஷயம்.

சாயங்காலம் மலையிலிருந்து வந்தவர்கள் முதலில் குதித்தார்கள். யாரைக் கேட்டுப் பிள்ளை வாயில் கத்தரி வைத்தீர்கள் என்று அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பிள்ளை பால் குடிப்பதைப் பார்த்ததும் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நான் படியேறவும் இங்க பிள்ளை பால் குடிக்கவும் சரியா இருந்திருக்கு பாரு. பெருமாள் கண்ணத் தொறந்துட்டாரு" என்றார்.

பெருமாளோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் பஸ் ஏறி, டாக்டரைத் தேடி, பிள்ளை தலையைப் பிடித்த மனுஷி அங்கேயேதான் நிற்கிறார். ஒருத்தர் கண்ணுக்கும் அவர் தெரியவில்லை. அண்ணன் அவரைப் பார்த்து, "காப்பி போடு" என்றார். அப்போதுதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சேனை வைக்கச் சொன்னது நான், பிள்ளையைக் காப்பாற்றியது மதினி, நீங்கள் யாரும் இல்லை என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். சரி சரி, நல்லபடியா முடிந்தது அல்லவா, பச்சை உடம்புக்காரி கத்தாதே என்று பேச்சை மாற்றிவிட்டார்கள். யாரும் மதினியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

நான் அடுப்படிக்குப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தப்புதான் மதினி, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் பேச ஆரம்பித்து, முதல் எழுத்திலேயே நின்றார். பரவாயில்லை என்று சொல்ல வருகிறார் என நினைத்து, பழைய பழக்கத்தில் நானே முடிக்க வாயெடுத்துவிட்டேன். நல்லவேளையாக அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவர் சொன்னது அதுவல்ல. "ப... பச்சப்பிள்ளையை இப்படிப் பட்டினி போட்டுட்டீங்களே" என்றார், கண்ணில் தண்ணீரோடு.

இன்றும் யாராவது பேச்சில் தடுமாறி நின்றால், அவர்கள் முடிக்கும்வரை நான் வாயைத் திறப்பதில்லை. எங்கள் வீட்டில் ஒருத்தர் மதினிக்கு அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்திருந்தால் போதும், என் பிள்ளை அத்தனை நாள் பசியில் கிடந்திருக்க மாட்டான்.